ஜாகீர்ச் சீமையின் கதை – 11: ஏரிகளை எண்ணிய அங்கத்தினர்

சென்ற இதழில், ஆற்காட்டு நவாப் முகம்மதலி வாலாஜா, தம்மை மஸ்னதில் ஏற்றிவைத்த கும்பினியாருக்குச் செங்கற்பட்டுச் சீமையை 1763-ஆம் வருஷம் ஜாகீராக எழுதிக்கொடுத்ததையும், டில்லி பாதுஷா 1765-இல் அதை ஊர்ஜிதம் செய்ததையும், வாங்கிய சீமையை அந்த நவாபுக்கே குத்தகைக்கு விட்டுவிட்டுக் கும்பினியார் 1780 வரையில் கோட்டைக்குள் அமர்ந்தபடி பணம் எண்ணிக்கொண்டிருந்ததையும் பார்த்தோம். அந்தச் சீமையில் கும்பினியார் எண்ணாமல் விட்டது ஒன்று உண்டு. அதை எண்ணியவர் இந்த மண்ணில் ஒருநாளும் கால் வைத்தவரல்லர். லண்டன் மாநகரத்துக் காமன்ஸ் சபையில் மால்ட்டன் என்னும் சிற்றூரின் பிரதிநிதியாக வீற்றிருந்தவர். அவர் பெயர் எட்மண்டு பர்க்.

சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வந்து பாடலாத்ரி நரசிம்மரைச் சேவித்தவர்கள், அர்ச்சகர் திருமண்காப்பை உயர்த்தித் தீப வெளிச்சத்தில் நெற்றிக்கண்ணைக் காட்டும் அந்த ஒரு கணத்தை மறக்கமாட்டார்கள். குன்றைக் குடைந்து எழுந்த குகைக்கோயில் ஆனபடியால், மூலவரை வலம்வர விரும்புகிறவர்கள் குன்றையே வலம்வந்தாக வேண்டும். அப்படி வருகையில் காதில் விழுவது இப்போது பெருஞ்சாலையின் இரைச்சலே. ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் பிரியும் பாதையில், புத்தம்புதிய மோட்டார் வண்டிகளை இரண்டு தட்டாக அடுக்கிச் சுமந்த நீண்ட லாரிகள் இரவும் பகலும் போய்க்கொண்டிருக்கின்றன. இரயிலில் தெற்கே செல்கிறவர்களுக்குச் செங்கற்பட்டை அணுகும்போது கொளவாய் ஏரியின் நீர்ப்பரப்பு ஜன்னலோரத்தில் திடுமென விரிந்து, பேசிக்கொண்டிருந்தவர்களையும் ஒரு நிமிஷம் வாயடைக்கச் செய்கிறது. வடக்கே செம்பரம்பாக்கமும் மணிமங்கலமும், தெற்கே மதுராந்தகமும், நடுவே பெயர் சொல்லி மாளாத நூற்றுக்கணக்கான சிற்றேரிகளுமாகக் கிடக்கும் இந்த நாட்டில், ஏரி என்பது யாரும் தனியே கவனிக்காத சங்கதியாகிவிட்டது. பர்க் கவனித்தார். எதனால் கவனித்தார் என்பதைச் சொல்லவேண்டுமானால் நவாபின் கடன் கதையை முதலில் சொல்லியாக வேண்டும்.

கடன் உண்டான விதம் வினோதமானது. யுத்தச் செலவுக்காக நவாப் கும்பினிக்குப் பணம் தரவேண்டியிருந்தது. தராவிட்டால் கும்பினியின் கவர்னர் நெருக்குவார். நெருக்கடி முற்றிய வேளையில், அதே கும்பினியில் வருஷத்துக்குச் சில நூறு பவுன் சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தர்கள், கோட்டையின் வேறொரு வாசல் வழியாக நவாபின் அரண்மனைக்கு வந்து, கொழுத்த வட்டிக்குக் கடன் கொடுக்க முன்வருவார்கள். பணமாகப் பெற முடியாத வட்டிக்கு ஈடாக இன்ன தாலுகாவின் வரிவசூல் இன்னாருக்கு என்று நவாப் சீட்டு எழுதிக்கொடுப்பார். சீட்டைப் பெற்றவர்களின் ஆட்கள் அறுவடைக்காலத்தில் களத்துமேட்டில் வந்து நிற்பார்கள். யஜமானனுக்குச் சேரவேண்டிய கடனைத் தீர்க்கவிடாமல் யஜமானனின் வேலைக்காரர்களே குறுக்கே நின்று தாங்களும் கடன்காரர்களாகிவிட்ட இந்த ஏற்பாட்டில், கொடுத்த பணம் எவ்வளவு, எழுதிய பணம் எவ்வளவு என்பது எழுதியவர்களுக்கும் ஈசுவரனுக்கும் மாத்திரமே வெளிச்சம்.

1767-இல் ஒன்றாகத் திரட்டிய கடன் 8,80,000 பவுன். 1777-இல் திரட்டியது ஏறக்குறைய 24 லட்சம் பவுன். இவ்விரண்டுக்கும் நடுவே குதிரைப்படைக் கடன் என்று மூன்றாவதொன்று இருக்கிறது. தொகையில் சிறியது, 1,60,000 பவுன்தான், ஆனால் ரசமானது. நவாபின் குதிரைப்படை வீண்செலவு, அதைக் கலைத்துவிடவேண்டும் என்று கும்பினியார் வற்புறுத்தினார்கள். கலைப்பதற்கு முன் சம்பள பாக்கியைத் தீர்க்கவேண்டுமே, நவாபிடம் பணமில்லை. கும்பினி உத்தியோகஸ்தர் மூவர் தாங்கள் நான்கு லட்சம் வராகன் தருவதாகச் சொல்லி, அதற்கு ஈடாக வரிவசூலுக்கான சீட்டுகளையும் வாங்கிக்கொண்டார்கள். வாக்களித்த பணத்தையோ ஒரேயடியாகக் கொடாமல் இரண்டு வருஷ காலம் இழுத்தார்கள் என்றும், அதற்குள் ஜில்லாக்களிலிருந்து வசூலான பணமே கைமாறி நவாபுக்குக் கடனாக வந்து சேர்ந்தது என்றும், சம்பளம் காணாத குதிரைவீரர்கள் கலகத்துக்குக் கிளம்பினார்கள் என்றும் பர்க் விவரிக்கிறார். நவாபின் பணத்தையே நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்த இந்தச் சாமர்த்தியத்தை நம்மூர்க் கந்துவட்டிக்காரர்களும் கண்டால் கைகூப்புவார்கள்.

கடன்காரர்களுக்குள் தலைசிறந்தவர் பால் பென்பீல்டு. 1764-இல் சென்னைப்பட்டினத்துக்கு வந்து, கட்டட வேலைகளைக் குத்தகைக்கு எடுத்து, சேப்பாக்கத்து மாளிகையைக் கட்டியவர் என்றும் பேசப்படுகிற இம்மனிதர், தஞ்சாவூர் வருமானத்தின்மேல் தமக்கு 2,34,000 பவுன் பாத்தியதை உண்டென்று 1776-இல் கிளப்பிய வழக்கு, அதை ஒப்புக்கொள்ளாத கவர்னர் பிகட்டு பிரபுவைச் சொந்தக் கௌன்சிலாரே சிறைப்பிடிப்பதிலும், மறு வருஷம் அவர் காவலிலேயே உயிர் துறப்பதிலும் போய் முடிந்தது. பிற்பாடு பென்பீல்டு சீமைக்குத் திரும்பி, கர்நாடகத்து நெல்லில் விளைந்த பணத்தைக் கொண்டு 1780-இல் கிரிக்லேடு தொகுதியின் அங்கத்தினராகப் பார்லிமெண்டில் நுழைந்தார். தம்மையும் சேர்த்து எட்டு அங்கத்தினர்களை அவர் உண்டாக்கினார் என்பது பர்க்கின் குற்றச்சாட்டு. காஞ்சிபுரத்துக் களத்துமேட்டுக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் மாளிகைக்கும் இடையே இருந்த தூரம் நாம் நினைக்கிறபடி அவ்வளவு அதிகமல்ல.

1784-இல் பிட் துரையின் இந்தியா சட்டம் நிறைவேறியது. நவாபின் கடன்கள் எவை மெய், எவை பொய் என்று விசாரிக்கவேண்டுமென்று அந்தச் சட்டமே விதித்திருந்தும், கும்பினியின் டைரக்டர்கள் விசாரணைக்கான உத்தரவை எழுதி நீட்டியும், புதிதாக ஏற்பட்ட கண்ட்ரோல் போர்டு அதை அடித்துவிட்டு, மூன்று கடன்களையும் விசாரணை ஏதுமின்றி ஏற்று, கர்நாடகத்து வருமானத்திலிருந்து வருஷத்துக்கு 12 லட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுன், ஒதுக்கித் தீர்த்துவிடும்படி உத்தரவிட்டது. போர்டில் முக்கியஸ்தர் ஹென்றி டண்டாஸ். இரண்டு வருஷங்களுக்கு முன்பு இந்தியாவில் நடந்த அக்கிரமங்களை விசாரித்த இரகசியக் கமிட்டியின் அக்கிராசனராயிருந்து, கேட்டவர் மெய்சிலிர்க்கும்படி கண்டனத் தீர்மானங்கள் கொண்டுவந்தவரும் இவரேதான். அரசியலில் இத்தகைய மாற்றங்கள் புதுமையல்ல என்றாலும், பர்க்கைப்போன்ற ஞாபகசக்தியுடைய ஒருவர் எதிர்வரிசையில் இருக்கும்போது அவை அபாயமானவை.

1785 பிப்ரவரி 28-ஆம் தேதி, அந்த உத்தரவைப் பற்றிய தஸ்தாவேஜுகளைச் சபையின் முன் வைக்கவேண்டுமென்று பர்க்கின் கட்சியைச் சேர்ந்த சார்லஸ் பாக்ஸ் பிரேரேபித்தார். கேட்டது காகிதங்களை மாத்திரமே. அதன்மேல் எழுந்த பர்க், கடனின் ஜாதகம் முழுவதையும் கணித்துக்காட்டிவிட்டு, இந்தக் கடனைக் கட்டப்போகிற நாடு எந்த நிலையில் கிடக்கிறது என்ற கேள்விக்கு வந்தார்.

இவ்விடத்தில்தான் ஹைதர் அலி வருகிறார். 1780 ஜூலையில் அவருடைய சேனை மலைக்கணவாய்களின் வழியாக இறங்கி, செப்டம்பர் 10-ஆம் தேதி பொள்ளிலூரில் கும்பினித் தளபதி பெய்லியின் படையை நிர்மூலம் செய்ததும், சிறிது தூரத்தில் காஞ்சிபுரத்தில் நின்றுகொண்டிருந்த சேனாதிபதி ஹெக்டர் மன்ரோ, கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்கும், அங்கிருந்து சென்னைக்கும் பின்வாங்கியதும் நமது ஜாகீரில் நடந்த சம்பவங்கள். செங்கற்பட்டிலிருந்து சென்னை போகும் மார்க்கத்தில் நரசிம்மருடைய குன்று இருக்கிறது. தோற்றோடிய அந்தச் சேனையைப் பார்க்க ஊரில் எத்தனை பேர் எஞ்சியிருந்தார்களோ. இந்த மன்ரோவும் அப்போது பார்லிமெண்டு அங்கத்தினர்தான். 1768 முதல் 1802 வரையில் இன்வர்னெஸ் நகரங்களின் பிரதிநிதி என்று அவர் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. தொகுதியார் அவரை எப்போது கண்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஹைதர் மூட்டிய நெருப்பைப் பற்றிப் பர்க் பேசிய பகுதி ஆங்கில வாசக நூல்களில் ஏறிப் பிரசித்தி பெற்றது. படைகள் நாட்டின் குறுக்கே பல நூறு மைல்கள் நடந்தும் மனிதப் பூண்டையோ கால்நடையையோ காணவில்லை என்றும், தேம்ஸ் நதி முதல் டிரெண்டு நதி வரையில் இங்கிலாந்தே அவ்வண்ணம் வெறிச்சோடிப் போனதாகச் சபாநாயகர் மனத்தில் உருவகித்துப் பார்க்கவேண்டும் என்றும் அவர் சொன்னதை மாணாக்கர்கள் தலைமுறை தலைமுறையாக நெட்டுருப் போட்டார்கள். வாசக நூல்களைத் தொகுத்தவர்கள் நெருப்பை எடுத்துக்கொண்டு நீரை விட்டுவிட்டார்கள். எனக்கோ அதற்குப் பின்னால் வரும் இரண்டு பக்கங்களே அந்தப் பிரசங்கத்தின் உயிர்நிலையாகத் தோன்றுகின்றன.

அந்தப் பக்கங்களில் அலங்காரங்கள் குறைந்து கணக்கு தலையெடுக்கிறது. கர்நாடகத்தில் வற்றாத ஜீவநதிகள் இல்லை. மழையோ ஒரு பருவத்தில் மட்டும் கொட்டித் தீர்த்துவிடும். நெற்பயிருக்கு வேண்டிய பொழுதெல்லாம் தண்ணீர் வேண்டும். ஆகையால் அந்நாட்டின் பொக்கிஷம், அது எப்போதும் கடன் எடுக்கக்கூடிய பாங்கி, தேங்கிய தண்ணீரேயாம் என்று சபைக்கு எடுத்துரைத்தார். பாங்கி என்ற உவமையை அவர் கையாண்ட நயத்தைக் கவனிக்கவேண்டும். கடன், வட்டி, பத்திரம் என்பவற்றைத் தவிர வேறு எதுவும் காதில் ஏறாத ஒரு சபையில், ஏரியைப் பாங்கி என்று சொன்னால்தானே விளங்கும். பின்பு தம் கையிலிருந்த பூகோளப் படத்தைக் குறிப்பிட்டார். அது தாமஸ் பார்னார்டு என்னும் கும்பினி இஞ்சினீர் 1767 முதல் 1774 வரையில் நமது ஜாகீரை ஊர் ஊராக அளந்து வரைந்த படம். அந்தப் படத்தில் அடங்கிய பூமியில் மாத்திரம் எத்தனை ஏரிகள் என்று தாமே பிரயாசை எடுத்து எண்ணிப் பார்த்ததாகவும், இரண்டு மூன்று ஏக்கர் பரப்பிலிருந்து ஐந்து மைல் சுற்றளவு வரையில் 1,100-க்கு மேற்பட்டவை இருப்பதாகவும் சொன்னார். இதை அளவுகோலாகக் கொண்டால் கர்நாடகத்திலும் தஞ்சாவூரிலும் சேர்ந்து பெரிதும் நடுத்தரமுமான ஏரிகள் பதினாயிரத்துக்குக் குறையா என்பது அவருடைய மதிப்பு. குடிநீர்க் குளங்களும் கோயில் தீர்த்தங்களும் இதில் சேரவில்லை.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மேஜைமேல் படத்தை விரித்து, ஐம்பது வயதைக் கடந்த கனவான் ஒருவர், பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்க முடியாத ஊர்களின் நீலப் புள்ளிகள்மேல் விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போகிற காட்சியை நான் பலமுறை மனத்தில் கற்பித்துப் பார்த்ததுண்டு. விரல் எங்கே தடுமாறிற்றோ, எங்கே மறுபடி முதலிலிருந்து தொடங்கிற்றோ! இந்த ஜாகீரின் வருமானத்தைப் பதினேழு வருஷம் அனுபவித்த கோட்டைத் துரைமார்களில் எவரும் அதுவரை பார்லிமெண்டுக்கு அந்த எண்ணிக்கையைச் சொன்னதாகத் தெரியவில்லை.

எண்ணியதோடு அவர் நிற்கவில்லை. இவ்வேரிகள் கரையும் கல்மதகுமாக மிகுந்த கைத்திறமையோடு கட்டப்பட்டவை. வருஷந்தோறும் செப்பனிடாவிட்டால் நிலைக்காதவை. வாய்க்கால்களும் தூர் வாரப்படவேண்டியவை. இவற்றைக் கட்டிய அரசர்கள் தமக்குப் பின் வரும் சந்ததியாருக்குச் சொத்து எழுதிவைத்தவர்களைப் போன்றவர்கள் என்றெல்லாம் எடுத்துக்காட்டி, போரில் உடைந்த கரைகளைக் கட்டக் காசில்லாத நாட்டிலிருந்து முதற்பற்றாகப் பென்பீல்டுக்கு வட்டி எடுத்துவைப்பது எந்த நியாயம் என்று கேட்டார்.

பார்னார்டின் கணக்குகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கூர்மை நன்கு புலனாகும். அந்த அளவையின்போது ஊர்தோறும் தமிழில் ஓலைகளில் எழுதப்பட்ட விவரங்களின்படி, களத்தில் பொலியைச் சர்க்காரும் குடியானவரும் பங்கிட்டுக்கொள்வதற்கு முன்னால், கோயிலுக்கு இவ்வளவு, கணக்கனுக்கு இவ்வளவு, தலையாரிக்கும் தச்சனுக்கும் கொல்லனுக்கும் வண்ணானுக்கும் வெட்டியானுக்கும் இவ்வளவு என்று மேரை எடுத்துவைப்பது வழக்கம். அந்த வரிசையில் ஏரிக்கும் ஒரு பங்கு உண்டு. கரைக்கு மண் கொட்டுவதும், மதகின் அடைப்பைப் பழுதுபார்ப்பதும், கலங்கலுக்குக் கல் பாவுவதும், வரத்துக்காலைத் திருத்துவதும் அந்தப் பங்கிலிருந்து நடைபெறும். சீட்டு வைத்திருக்கும் கடன்காரனின் ஆள் பொலியின் தலைமாட்டில் வந்து நின்றபின், கேட்க வாயுள்ள தச்சனும் தலையாரியும் தங்கள் மேரைக்காகச் சண்டையாவது போட்டிருப்பார்கள். ஏரிக்கு வாயில்லை. அடுத்த ஐப்பசி அடைமழையில் கரை உடைந்த பிறகுதான் அது பேசும்.

பர்க்கை மகாத்மாவாக்கிவிடும் உத்தேசம் எனக்கு இல்லை. அவருடைய நெருங்கிய பந்துவைப்போல் ஒரே வீட்டில் வாழ்ந்த வில்லியம் பர்க், தஞ்சாவூர் ராஜாவின் ஏஜண்டாக இருந்தவர். நவாபும் தஞ்சாவூராரும் ஜன்மப் பகைவர்கள். ஆகவே நவாபையும் அவருடைய கடன்காரர்களையும் பற்றிப் பர்க்கிடம் சேர்ந்த தகவல்கள் எந்தத் திசையிலிருந்து வந்தவை என்பதை ஊகிக்கலாம். பென்பீல்டு தொகுதிகளை விலைக்கு வாங்கியதைப் பரிகாசம் செய்த அவருக்கு மால்ட்டன் தொகுதி கிடைத்ததும் ஜனங்களின் பேராதரவினால் அல்ல. 1774-இல் பிரிஸ்டல் நகரத்தார் அவரைத் தேர்ந்தெடுத்து, 1780-இல் கைவிட்டபின், ராக்கிங்ஹாம் பிரபுவின் கைக்கு அடக்கமான அந்தச் சிற்றூர் அவருக்குப் புகலிடம் தந்தது. போதாக்குறைக்கு, 1783-இல் தம்முடைய கட்சி கொண்டுவந்த இந்தியா மசோதா தோற்று மந்திரிசபையே கவிழ்ந்த எரிச்சலும் அவருக்கு இருந்தது. இவ்வளவையும் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் 1,100 என்ற எண் தள்ளுபடியாகவில்லை. கட்சிச் சண்டைக்கு ஆயுதம் தேடுகிறவன் ஹைதரோடு நின்றிருப்பான்; ஏரிகளை உட்கார்ந்து எண்ணியிருக்கமாட்டான்.

பிரசங்கம் முடிந்தது. இருபத்தைந்து வயதுப் பிரதம மந்திரி பிட்டும் அவருடைய பந்து கிரென்வில்லும் கூடிப்பேசி, இதற்குப் பதில் சொல்லவேண்டிய அவசியமில்லை என்று தீர்மானித்ததாக ஒரு செய்தி உண்டு. ஓட்டு எடுத்தபோது பாக்ஸின் பிரேரணைக்கு ஆதரவாக 69 பேர், எதிராக 164 பேர். காகிதங்கள் மேஜைக்கு வரவில்லை. அந்த வருஷமே பர்க் தமது பேச்சை, கையில் சிக்கிய தஸ்தாவேஜுகளை அநுபந்தமாகச் சேர்த்துப் புஸ்தகமாக அச்சிட்டார். அன்றிரவு சபையில் காதிருந்தும் கேளாதவர்களின் பெயர்களை மறந்துவிட்டோம். அந்தப் புஸ்தகம் இருக்கிறது.

கடனும் இருந்தது. 1781 டிசம்பரில் நவாபிடமிருந்து வரிவசூலைக் கைப்பற்றி, கடன்காரர்களை அண்டவிடாமல் தடுத்துவந்த கவர்னர் மக்கார்ட்னி பிரபு, வசூலை நவாபிடமே திருப்பிவிடும்படி சீமையிலிருந்து வந்த உத்தரவைக் கண்டு 1785-இல் உத்தியோகத்தை உதறிவிட்டுப் புறப்பட்டார். முகம்மதலி 1795-இல் காலமானார். 1801-இல் கர்நாடகம் முழுவதும் கும்பினியின் வசமானபின், மிஞ்சிய பத்திரங்களை விசாரிக்கத் தனிக் கமிஷன் ஏற்பட்டு, நெடுங்காலம் வேலை செய்தது. கோடிக்கணக்கான பவுனுக்குக் கொண்டுவந்து நீட்டிய பாத்தியதைகளில் பத்தில் ஒரு பங்குகூட மெய்யென்று தேறவில்லை. பர்க் இதைக் காணவில்லை. வாரன் ஹேஸ்டிங்ஸ்மேல் ஏழு வருஷம் நடத்திய வழக்கில் 1795-இல் தோல்வி கண்டு, 1797-இல் அவர் மறைந்தார். பென்பீல்டு 1810-இல் பாரிஸ் நகரத்தில் வறியவராக இறந்தார் என்று எழுதியிருக்கிறார்கள். சேர்த்த செல்வமெல்லாம் வியாபாரத்தில் போயிற்று.

ஏரிகளின் கணக்கை இன்று கேட்டால், காஞ்சிபுரம் ஜில்லாவில் 381, செங்கற்பட்டு ஜில்லாவில் 528, ஆக 909 ஏரிகள் பாலாறு கீழ்வடிநிலக் கோட்டத்தின் பராமரிப்பில் இருப்பதாக ஒவ்வொரு மழைக்காலத்திலும் பத்திரிகைகளில் படிக்கிறோம். ஊராட்சிகளின் வசமுள்ள சிற்றேரிகள் இதற்குப் புறம்பு. பார்னார்டின் ஜாகீர் எல்லை வேறு, இன்றைய ஜில்லாக்களின் எல்லை வேறு ஆகையால் இரண்டு எண்களையும் கழித்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவது சரியான கணிதமாகாது. ஆயினும் ஒரகடம் சாலையில் தொழிற்சாலை மதில்களை ஒட்டிச் செல்லும்போது, தண்ணீரில்லாத மதகு ஒன்று புல்லுக்கு நடுவே தலைநீட்டிக்கொண்டு, தன் ஆயக்கட்டு எங்கே போயிற்று என்று விளங்காமல் நிற்பதைக் காணலாம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் இறங்கியபோது, ஏரி என்ற சொல் பட்டினத்தார் காதில் நெடுநாளைக்குப் பின் விழுந்தது.

69 பேருடைய ஓட்டினால் ஆகாத காரியத்தை, ஒன்பது வருஷம் கழித்துக் கும்பினியின் சொந்த உத்தியோகஸ்தர் ஒருவர் எடுத்துக்கொண்டார். 1794-இல் இந்த ஜாகீருக்குக் கலெக்டராக வந்து, கரைகளுக்குப் பணம் கேட்டு மேலிடத்தாரை ஓயாமல் நச்சரித்து, முடிவில் மதுராந்தகத்து ஏரிக்கரையில் கொட்டும் மழையில் இராமபிரானோடு உடன்படிக்கை செய்துகொண்டவர் என்று பெயரெடுத்த லயோனல் பிளேஸ் துரை அவர். அவரை அடுத்த இதழில் சந்திப்போம்.